ஈ உட்கார்ந்த முகங்கள்

தூத்துக்குடி மட்டக்கடைப் பக்கம் இனிகோ வைத்திருக்கும் பிளெக்ஸ் கடையில் ஒரு ஈ உண்டு. கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் பிரபலங்களின் படங்களில் அது யார் முகத்தில் போய் உட்காருகிறதோ, அந்த ஆள் அந்த வாரத்தைத் தாண்டுவதில்லை. உட்கார்ந்த ஈ, சாவுச் செய்தி டிவியில் வரும்வரை எழும்பாது. செய்தி வந்ததும் வாசல் வழியாகப் பறந்து கடல் பக்கம் போய்விடும், கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வரும். வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரிது. முதுகில் சிப்பியின் உட்புறம் போல ஒரு மினுமினுப்பு. அது உள்ளே நுழைந்தால் அழுகின சிப்பி நாற்றமும் கூடவே நுழையும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைக் கரையில் குவித்து, சதை அழுகி ஈ மொய்க்கும்வரை போட்டுவைத்து, பிறகு கழுவித்தான் முத்தெடுப்பார்கள். அதெல்லாம் நின்று எத்தனையோ வருஷமாகிவிட்டது. இந்த ஈக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஈ வருவதற்கு முன்பே அந்தக் கூட்டம் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பழியையும் ஈயின் தலையில் போட்டுவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். பெருந்தொற்று வருஷத்தில், ஊரடங்கு தளர்ந்து கடைகளைத் திறக்கவிட்டபோது, சாயங்காலமானால் மூன்று பேர் அங்கே கூடினார்கள். ஒருவர் கடைக்காரர் இனிகோ. அவருடைய பாட்டனார் முத்துக்குளித்தவர், பேரன் கடலில் கால் நனைத்ததில்லை. இரண்டாமவர் வெள்ளத்துரை, ஏரல் பக்கத்து வயல்காரர், துறைமுகச் சாலையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறவர். மூன்றாமவர் எஸ்றா சார், நாசரேத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கிறவர். அந்த வருஷம் தினமும் யாராவது செத்தார்கள். சொந்தக்காரர்களைப் பற்றிப் பேச முடியவில்லை. அதனால் தெரியாதவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நடிகர், பாடகி, கட்சித் தலைவர், கிரிக்கெட்காரர். அதுவரைக்கும் மன்னித்துவிடலாம். நோய் போன பிறகும் பேச்சு போகவில்லை. அடுத்தது யார் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எஸ்றா சார் இதில் கெட்டிக்காரர். ஏதோ ஒரு கல்யாண வரவேற்பில் எடுத்த படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்து, "கன்னப்பொட்டு குழிஞ்சிட்டு பாத்தீரா. கண்ணு மஞ்சளடிக்கி. ஈரல் போயிட்டுவே" என்பார். வெள்ளத்துரைக்கு உடம்பு தெரியாது, குடும்பம் தெரியும். எந்த நடிகரின் மகன் அமெரிக்காவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான், எந்தத் தலைவரின் வீட்டு வாசலில் பந்தல்காரன் அளவெடுத்தான் என்று எங்கிருந்தாவது சேதி கொண்டுவருவார். இனிகோ பேனரைத் தயாராக வைத்துவிடுவார். மாலை, மெழுகுவர்த்தி, கண்ணீர் அஞ்சலி என்ற பெரிய எழுத்து, எல்லாவற்றையும் போட்டு, மறைந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருப்பார். ரசிகர் மன்றத்துக்காரர்கள் பிறந்தநாள் வாழ்த்துக்குக் கொடுத்த அதே படம், அதே சிரிப்பு. சரியாகச் சொன்னவருக்கு ஒரு பாக்கெட் மக்ரூன். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்கிற அந்தப் பண்டம் நம்முடைய ஊருக்கே பெருமை. அதை ஒரு பிணத்தின் பேரில் தின்ற மூன்று பேர் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

ஈ வந்து சேர்ந்ததும் யார் என்ற கேள்வி தீர்ந்துபோனது. முதல் தடவை ஒரு பழைய வில்லன் நடிகரின் மூக்கில் உட்கார்ந்தது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கைந்து பேர் போன பிறகு பழகிவிட்டது. காக்கா கத்தினால் விருந்தாளி வருவார் என்று நம்புகிற ஊருக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. விளையாட்டு மட்டும் மாறிக்கொண்டது. என்ன நோய், வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, எந்த மனைவி முதலில் வந்து அழுவாள், எந்த நடிகர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் நிற்பார் என்று மக்ரூனுக்குப் புதுக் கேள்விகள் வந்தன. நாற்றத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லை. ஆனால் அது வாயில் ஒட்டிக்கொண்டது. எஸ்றா சார் வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு வாயைத் திறந்தால், அவர் மனைவி தேவகனி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். பல் டாக்டரிடம் போகச் சொன்னாள். போனார். டாக்டர் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார். நாற்றம் போகவில்லை.

செந்தூர்வேல் விஷயத்துக்கு வருவோம். ஆறுமுகநேரிப் பையன். அவனுடைய அம்மா பிச்சம்மாள் உப்பளத்தில் வேலை பார்த்து வளர்த்தாள். டிவியில் பலகுரல் பேசி, சினிமாவுக்குப் போய், இரண்டு படத்தில் ஜனங்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்திருந்தான். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு சாயங்காலம் ஈ அவன் முகத்தில் உட்கார்ந்தது. எஸ்றா சார் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. "அப்பம் வண்டிதான்" என்றார். வெள்ளத்துரையின் லாரி டிரைவர் ஒருவன் செந்தூர்வேலுக்குச் சித்தப்பா முறை. ஒரு போன் போட்டு, தம்பி இந்த வாரம் காரை எடுக்காதே என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பானா என்பது வேறு விஷயம். ஒருவரும் சொல்லவில்லை. பைபாஸ் ரோட்டில் கார் கவிழ்ந்தது. எஸ்றா சாருக்கு மக்ரூன் கிடைத்தது.

மறுநாள் பிச்சம்மாளே கடைக்கு வந்தாள். மகனுக்கு நல்லபடியாக ஒரு பேனர் வேண்டும் என்று யாரோ இந்தக் கடையைக் காட்டிக் கூட்டிவந்திருந்தார்கள். உப்பில் வெடித்த பாதங்களோடு வாசலிலேயே நின்றாள். இனிகோ தேதியைச் சேர்த்து, ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் அடித்துக் கையில் கொடுத்தார். அவள் விரித்துப் பார்த்தாள். "இம்புட்டு சீக்கிரமா அடிச்சிட்டீயளே ஐயா. எம்புள்ள மொகம் நல்லா விழுந்திருக்கு" என்று மூன்று பேரையும் பார்த்துக் கும்பிட்டாள். இனிகோ காசு வாங்க மறுத்துவிட்டார். நம் ஊரில் எந்த பேனரிலும் செத்தவர் மேலே பெரிதாக இருந்தால், வருந்துகிறவர்கள் அடியில் வரிசையாகத் தலை காட்டுவார்கள். அந்த வழக்கப்படி மூவரும் கண்ணீருடன் என்ற சொல்லுக்குக் கீழே தங்கள் படத்தையும் போட்டிருந்தார்கள். படங்கள் நன்றாக வந்திருந்தன. மாதிரிக்கு இருக்கட்டும் என்று ஒரு பிரதியை இனிகோ கடைச் சுவரிலும் மாட்டிவைத்தார். இந்தக் கதையில் ஈயைவிடக் கேவலமான பிராணிகள் எவை என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள் ஈ வழக்கம்போல வந்தது. மந்திரிகளைத் தாண்டியது, நடிகைகளைத் தாண்டியது, செந்தூர்வேலின் சிரிப்பைச் சுற்றிவிட்டுக் கீழே இறங்கி, கண்ணீருடன் வரிசையில் நடுவில் இருந்த எஸ்றா சாரின் இடது கன்னத்தில் உட்கார்ந்தது. பிறகு வெள்ளத்துரை, எஸ்றா சாரிடம் அல்ல, இனிகோவிடம் கேட்டார்.

"சாருக்கு சுகர் இருக்குல்லா?"

"பிரஷரும் உண்டும்பாவ" என்றார் இனிகோ.

"அப்பம் ஹார்ட்டுதான். விடியக்காலம் பாத்ரூம் போறப்ப விழுவாரு. நான் அதுக்கு வைக்கேன்."

எதிரே உட்கார்ந்திருந்த மனுஷனைப் பற்றித்தான் இப்படிப் பேசினார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, பழக்கம். எஸ்றா சார் எழுந்தபோது இனிகோ வாசல்வரை கூடவே வந்தார். "சார், தப்பா எடுக்காதீய. கோட்டு போட்ட போட்டோ ஒண்ணு இருந்தா அனுப்பிருங்க. இது சின்ன சைசு, பெருசாக்குனா மொகம் கட்டங்கட்டமா ஒடைஞ்சிரும்" என்றார்.

எஸ்றா சார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாச் சோதனையும் எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. செந்தூர்வேலுக்கும் எல்லாம் சரியாகத்தானே இருந்தது என்று நினைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறப் பயந்து வீட்டுக்கு நடந்தே வந்தார். வெள்ளத்துரை இரண்டு தடவை போன் செய்து மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அக்கறை என்று நினைத்து எஸ்றா சார் பதில் சொன்னார். பின்னால் இனிகோவின் குரல், விடியக்காலம் எத்தனை மணிக்கு எழும்புவாருன்னு கேளுங்க அண்ணாச்சி என்றது. அதற்கு மேல் தாங்க முடியாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். ஈ, மக்ரூன், பிச்சம்மாள், தன் கன்னம், ஒன்று விடவில்லை. தேவகனி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவரைத் தேற்றவில்லை.

"அந்த ஈ இப்பம் அங்கதான் இருக்கா?"

"நான் போற வரைக்கும் எழும்பாது."

"ஓட்டிப் பாத்தீயளா?"

"என்னத்த?"

"ஈயத்தான்."

தேவகனி பரணிலிருந்து பனையோலை விசிறியை எடுத்தாள். அவளுடைய அப்பா செத்தபோது, சவப்பெட்டி வரும்வரை அவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிய விசிறி. நம்மில் எந்தச் சாதியாக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும், செத்தவர் தலைமாட்டில் அப்படி ஒரு பெண் உட்காருவாள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தேவகனி நேராகக் கடைக்குப் போனாள், நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தவில்லை, புருஷனின் கன்னத்துக்கு நேராக விசிறியை ஒரு வீச்சு வீசினாள். ஈ எழும்பியது. டியூப் லைட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாசல் வழியாகப் போய்விட்டது. அவ்வளவுதான்.

பின்னாலேயே வந்திருந்த எஸ்றா சாரோடு சேர்த்து மூன்று ஆண்களும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை. "செத்த பொணத்துக்கே ஈ ஓட்ட ஒரு ஆளு உக்காருது. உசுரோட இருக்க மனுசனுக்கு ஓட்ட உங்க மூணு பேருல ஒருத்தருக்கும் கை வரலியே. அந்த பிச்சம்மா மொவன் இன்னைக்கி இருந்திருப்பாம்லா" என்றாள். இனிகோ, தொட்டால் நம்மேல் வந்து உட்காருமோ என்று பயந்தோம் என்று சொல்லிப் பார்த்தார். பயமுமில்லை, ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் விஷயம்.

வாரம் கழிந்தது. எஸ்றா சார் சாகவில்லை. வெள்ளத்துரைக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் இருந்ததை முகத்தில் மறைக்கத் தெரியவில்லை. முதல் வேலையாக மூவரும் அந்த பேனரின் அடிப்பக்கத்தைக் கத்தரித்துத் தங்கள் முகங்களை எடுத்துக்கொண்டார்கள். மேலே செந்தூர்வேல் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு ஈ வந்து ஒரு வயதான பாடகியின் நெற்றியில் உட்கார்ந்தது. நாலாம் நாள் டிவியில் செய்தி வந்தபோது எஸ்றா சார் சோபாவில் நிமிர்ந்து, "நான் நிமோனியான்னு சொன்னேம்லா" என்றார். தேவகனி தட்டை வைத்துவிட்டு, ஓட்டினீர்களா என்று கேட்டாள். "வயசாயிட்டுளா. அதுக்கு நாம என்ன செய்ய" என்றார் அவர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். அவருக்கு வந்தது, போனது, தெரியவில்லை. தேவகனி பரணிலிருந்து விசிறியை மறுபடியும் இறக்கினாள்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் தேவகனி விசிறியோடு கடைக்கு வந்து, சுவருக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். அவளுக்குச் சினிமாக்காரர்களைத் தெரியாது. யார் முகம், என்ன பேர் என்று கேட்பதுமில்லை. ஈ உட்காருகிறது, அவள் ஓட்டுகிறாள். சென்னையிலும் மும்பையிலும் யார் யாரோ காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கிறார்கள், மட்டக்கடையில் ஒரு அம்மாள் கை வலிக்க உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. இனிகோவால் அவளைப் போகச் சொல்ல முடியவில்லை. பெண்பிள்ளை, அதிலும் சார் வீட்டு அம்மாள். கடைக்கு வருகிறவர்களும் பழகிவிட்டார்கள். கல்யாண பேனருக்கு அளவு சொல்லிவிட்டு, விசிறிக்குத் தலை குனிந்து போகிறார்கள். கொஞ்ச நாளாகப் பெரிய சாவு ஒன்றும் இல்லையே என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் தேவகனிக்குக் கோயிலில் ஆராதனை உண்டு. அதனால் கூட்டம் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறது. எஸ்றா சார் வேதபாடத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, முழங்கால் வலி என்று வீட்டில் சொல்லிவிட்டு, முதல் ஆளாக வந்துவிடுகிறார். மக்ரூன் பாக்கெட் மேசையில் இருக்கிறது. ஈ வருகிறது, நாற்றம் வருகிறது, ஏதோ ஒரு முகத்தில் உட்காருகிறது. திங்கட்கிழமை அந்த அம்மாள் கண்ணில் பட்டால் ஓட்டிவிடுவாள் என்பதால், அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பின்னறையில் பிளெக்ஸ் சுருள்களுக்கு நடுவே ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. மற்ற இருவருக்கும் கை நடுங்கும் என்று அந்த வேலையை எஸ்றா சாரிடமே விட்டிருக்கிறார்கள். அவர் மின்விசிறியை அணைக்கச் சொல்வார். பிறகு படத்தை இரண்டு கையாலும் தாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈ எழும்பிவிடாதபடி மெதுவாக, மிக மெதுவாக நடந்து உள்ளே கொண்டுபோய் வைப்பார்.