வளையத்தில் ஓர் எழுத்து

தங்கை தன் குழந்தையை என் மடியில் கிடத்தினாள். நான்கு மாதமாகியும் எடை ஏறவில்லை. இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்திருந்தன. விரல்கள் மிகச் சிறியவை.

நான் மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அந்த முகச்சாயலை ஒரு மரபணுக் கோளாறின் கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

"ஏன்க்கா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

"வெயில்ல வந்தேன்ல. எதுக்கும் இவளை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்."

டாக்டர் எடுத்தனுப்பிய குழந்தையின் ரத்தம் எங்கள் கூடத்துக்கே வந்தது. சொந்தக்காரர் ரத்தத்தை நாங்கள் தொடக்கூடாது என்பதால் பக்கத்து மேசைக்காரர் எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அவர் இருமினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டாக்டர் முடிவைச் சொன்னபோது தங்கையோடும் அவள் கணவரோடும் நானும் இருந்தேன்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு மீட்டர் நீளத்துக்கு டி.என்.ஏ. இருக்கு. வளையம் மாதிரி ஒரு புரதக் கூட்டம் அதைப் பிடிச்சு, சுருக்குச் சுருக்கா இழுத்து மடிக்குது. எந்த மரபணு எப்போ வேலை செய்யணும்ங்கறதுல அந்த மடிப்புக்கும் பங்கு இருக்கு. பாப்பாவுக்கு அந்த வளையத்தைச் செய்யற மரபணுவோட டி.என்.ஏ. வரிசையில ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு."

"அதனால என்ன ஆகும்?" என்றாள் தங்கை.

"வளர்ச்சி குறையலாம். பேச்சு தாமதமாகலாம். இதயத்தையும் காதையும் பார்க்கணும். உங்க ரெண்டு பேர் ரத்தமும் வேணும்."

தங்கை என் பக்கம் திரும்பினாள். "உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "சந்தேகம் இருந்துச்சு" என்றேன். அதற்குப் பிறகு பத்து நாள் அவள் என் போனை எடுக்கவில்லை. குழந்தை மூச்சு விடுகிறதா என்றுகூடக் கேட்க வழியில்லாமல் தவித்தேன்.

பெற்றோர் ரத்தத்தின் முடிவு வந்த அன்று தங்கையின் கணவர் என்னையும் டாக்டரிடம் வரச் சொல்லியிருந்தார். அதே எழுத்து அவருக்கும் மாறியிருந்தது. அவர் பேருந்து ஓட்டுகிறவர். ஆள் குள்ளம், பணிமனையில் 'அரை டிக்கெட்' என்பார்கள். பள்ளியில் கணக்குத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். டாக்டர் அவர் நெற்றியையே பார்த்தார்.

"புருவத்துக்கு நடுவுல தினமும் ஷேவ் பண்ணிடுவேன் சார்" என்றார் அவர், கூச்சத்தோடு. பிறகு, "அப்போ இவ என்னை மாதிரி வந்துடுவாளா?"

"வரலாம். உங்களைவிடக் கஷ்டப்படவும் செய்யலாம். ஆளுக்கு ஆள் வேற மாதிரி காட்டும்."

இதய ஸ்கேனுக்கு வியாழக்கிழமை நாள் கொடுத்தார்கள். படிக்கட்டில் தங்கை நின்றாள்.

"வியாழக்கிழமை லீவு போட்டுடு. இனிமே எதையும் மறைக்காதே."

"எனக்கும் பயமாத்தான் இருக்குடி" என்றேன்.

"தெரியுது. வா."