இருபத்தைந்தாவது மாதம்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில், நான் வசிக்கும் கோமானியில், கைபேசிக் கடை வரிசையில், எனக்கு முன்னால் நின்ற அம்மாளிடமிருந்து கிடைத்தது. எனக்கு அங்கே சிம் மாற்றும் வேலை. பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் வேலை முடியாததால் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். அந்த நேரத்தை உங்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தேசம்.

முதல் வரியாக எழுதியது: "கொட்டும் மழையில் நனைந்தபடி அவள் கடைக்குள்..."

ஜூலை இங்கே வறண்ட குளிர்காலம், மழை ஏது? அடித்துவிட்டேன்.

அடுத்தது: "ஏமாற்றப்பட்ட அந்தத் தாயின் கண்களில்..." அவர் கண்களில் ஒன்றுமில்லை. எண்ணெயில் பொரித்த மாவுருண்டையைத் தாளில் சுற்றிப் பிடித்து, நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார்.

மூன்றாவது: "ஒப்பந்தம் ஜனவரியில் முடிந்தது, பணம் எடுப்பது முடியவில்லை." இது இருக்கட்டும்.

2

அவர் பெயர் நொகுஸோலா. அந்தப் பெயரைச் சொல்லி அவரை அழைப்பது கைபேசிக் கம்பெனியின் கணினி மட்டுமே. ஊருக்கு அவர் மாம்பேலே, அதாவது பேலே குலத்துப் பெண். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. மாலையில், நூற்று நாற்பது குடும்பங்கள் சேர்ந்த சாவுச் சங்கத்துக்குச் செயலாளர்.

சங்கத்துக்கென்று ஒரு கைபேசி. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார்கள். மாம்பேலே எடுப்பார். பிறகுதான் கூடாரம், பானைகள், சவப்பெட்டி, மாடு எல்லாம் நகரும். நூற்று நாற்பது வீடுகளிலும் கதவுக்குப் பின்னால் அந்த எண் ஒட்டியிருக்கிறது.

சங்கப் பொறுப்பாளர்களில் சம்பளச் சீட்டு உள்ளவர் அவர் ஒருவர்தான் என்பதால் ஒப்பந்தமும் அவர் பெயரில்; பணம் அவர் வங்கிக் கணக்கிலிருந்து போகும், சங்கம் அவருக்குக் கொடுத்துவிடும். மாதம் நானூற்று நாற்பத்தொன்பது ராண்ட், இருபத்து நான்கு மாதம். அதில் இருநூற்றுப் பத்து கருவியின் விலை, மீதி பேச்சுக்கு.

(இங்கே தொலைத்தொடர்பு விதிகள் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நானே இரண்டாம் முறை படிக்கவில்லை. போகட்டும்.)

மாம்பேலே செய்த தவறு இரண்டு. முதலாவது, தாளுக்குக் காத்திருந்தது. இங்கே கட்டில், அலமாரி எதைத் தவணையில் வாங்கினாலும் கடைசித் தவணையன்று 'தீர்ந்தது' என்று முத்திரை குத்திய தாள் தருவார்கள். கைபேசிக்கும் வரும் என்று இருந்தார். அதற்கு அப்படி ஒரு தாளே கிடையாது. நாமாகப் போய் நிறுத்தச் சொல்லாவிட்டால் அது மாதாமாதம் ஓடும், கருவியின் விலையோடு சேர்ந்தே. பிப்ரவரியிலிருந்து மே வரை நான்கு மாதம் ஓடியது.

இரண்டாவது தவறு, எல்லாரும் செய்வது. ஜூனில் பணம் போனதும் வங்கிக்குப் போய், "இதைத் திருப்புங்க" என்றார். திருப்பினார்கள். வழக்கு முடிந்ததென்று வீட்டுக்கு வந்தார். கம்பெனி அதை நிலுவை என்று எழுதிக்கொண்டது. வெளியே அழைப்பது நின்றது. வெள்ளிக்கிழமை உள்ளே வருவதும் நிற்கும் என்று குறுஞ்செய்தி வந்தது.

நான் வரிசையில் நின்றது செவ்வாய்க்கிழமை.

3

கல்லாவில் இருந்தவன் அயாபுலெலா. இருபத்து மூன்று வயது, கழுத்தில் அட்டை.

"மா, நானூத்து நாப்பத்தொம்பது நிலுவை காட்டுது."

"நீங்க எனக்குத் தர வேண்டியது எண்ணூத்து நாப்பது. நாலு மாசம், மாசத்துக்கு இருநூத்துப் பத்து. ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழி. மிச்சத்தைக் கையில குடு, நான் போறேன்."

"அப்படிக் கழிக்க முடியாது மா. ரெண்டும் வேற வேற பக்கத்துல இருக்கு."

"பக்கத்தைத் திருப்பு."

வரிசையில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கருவிக்கு முழு விலையும் குடுத்தாச்சு. குடுத்து முடிச்ச மாட்டுக்கு யாராவது மறுபடி காசு கேப்பாங்களா?"

"கணினி கேக்குது மா."

"கணினிக்குக் குலம் இல்ல. உனக்கு இருக்கில்ல? நீ யாரு?"

அவன் தயங்கினான். வேலை நேரத்தில் இதெல்லாம் சொல்லக்கூடாதோ என்னவோ. "ராடேபே, மா."

"எங்கம்மா ராடேபே!" மாம்பேலே மாவுருண்டைத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்ப நீ எனக்குத் தாய்மாமன். நல்லா இருக்கு மாமா! மருமக காசை மாமனே எடுக்கறதா?"

"ஏய் மாமா, மரியாதையா குடுத்துடு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொருத்தி, "மாமனுக்கு மீசையே இன்னும் முளைக்கலையே" என்றாள்.

அயாபுலெலா முகத்தைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி என்னமோ சொன்னான். அடுத்து நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. மீதியை வெளிப் பெஞ்சில் மாம்பேலே சொன்னார்.

4

அவன் சொன்னது இதுதான். புகார் எழுதலாம். இருபத்தொரு நாள் ஆகும். அதுவரை எண் பூட்டியிருக்கும், யார் அழைத்தாலும் அடிக்காது. அல்லது நிலுவையைக் கட்டிவிட்டு எண்ணை முன்பணச் சிம்முக்கு மாற்றலாம். ஆனால் அந்தத் தாளில் 'எனக்கு வேறு கோரிக்கை இல்லை' என்று ஒரு வரி உண்டு. எண்ணூற்று நாற்பது போயே போச்சு. அல்லது புதிதாக இரண்டு வருடம் ஒப்பந்தம் போட்டால் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்வார்கள், எண்ணும் ஓடும்.

இந்த இடத்தில் அவன்மேல் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் வில்லனாக வைத்திருந்தேன். ஒவ்வொரு புதிய ஒப்பந்தத்துக்கும் அவனுக்குக் கமிஷன் உண்டு. ஆனால் கமிஷன் வேண்டியவன் புகார் எழுதும் வழியை ஏன் முதலில் காட்டுகிறான்? இரண்டாம் பிரதியில் நல்லவனாக்கினேன். அதிலும் அவன் ஒட்டவில்லை. ("குல உறவு அவன் மனதை...") வேண்டாம். காட்டினான், அவ்வளவுதான்.

"மாமன் நல்ல பையன்தான்," என்றார் மாம்பேலே. "பாவம், எனக்கு மூணு குழி காட்டினான். எதுல விழணும்னு மட்டும் சொல்லல."

"சங்கத்துல கேக்கலாமே?"

"வர்றதுக்கு முன்னாடியே கேட்டேன். பொருளாளர் காசை விடாதேங்கறார். தலைவி நம்பரை விடாதேங்கறா. ரெண்டு பேருக்கும் பெரிய வாய்."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"குளிர்காலம். போன வாரம் மட்டும் மூணு வீடு."

5

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. கையெழுத்துப் போட்டு எண்ணைக் காப்பாற்றுகிறார். எண்ணூற்று நாற்பதைச் சங்கத்துக்குத் தன் சம்பளத்திலிருந்து கட்டுகிறார். (அவர் செய்யக்கூடியதுதான். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

ஆ. புகார் எழுதுகிறார். இருபத்தொரு நாளில் ஜெயிக்கிறார். பதினான்காம் நாள், விடியற்காலை, மலையடியில் ஒரு வீட்டில் யாரோ கதவுக்குப் பின்னால் பார்த்து எண்ணை அழுத்தி...

இ. புதிய ஒப்பந்தம். எல்லாரும் சந்தோஷம். இருபத்தைந்தாவது மாதம் மறுபடி வரும்.

பத்திரிகைக்காரர் கதையை வியாழக்கிழமைக்குள் கேட்டார். இன்று சனி.

6

என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பெஞ்சிலிருந்து எழும்போது மாம்பேலே அந்த எண்ணை என்னிடம் எழுதிக் கொடுத்தார். இந்த ஊரில் வசிப்பவன், எனக்கும் தேவைப்படலாமாம். அழுத்தினால் போதும். அடித்தால் எண் பிழைத்திருக்கிறது. அடிக்காவிட்டால் அவர் புகார் எழுதியிருக்கிறார்.

இரண்டு முறை கைபேசியை எடுத்தேன். பத்து இலக்கத்தில் ஒன்பதை அழுத்தியும் விட்டேன்.

அடித்தால் அவர் ஓடிவந்து எடுப்பார். கை துடைக்கக்கூட நிற்க மாட்டார். நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, "யாரு?" என்று, செத்தவர் பெயரைத்தான் முதலில் கேட்பார். அதற்கு என்னிடம் சொல்ல ஒரு பெயர் இல்லை. இருக்கவும் வேண்டாம்.

கடைசி இலக்கத்தை நீங்களே அழுத்துவீர்களா, பாருங்கள். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.