எப்ப எடுக்கறாங்க?

ஏசுதாசன் அடுக்களையில் நின்று சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஹாலில் தொலைபேசி அடித்தது. அந்த வீட்டுத் தொலைபேசி முற்பகலில் அடிப்பது அபூர்வம். பெங்களூரிலிருந்து மகன் ஆரோன் பேசினால் வேலை முடிந்து வந்துதான் பேசுவான். சர்ச்சிலிருந்து யாராவது கூப்பிட்டால் அது சனிக்கிழமையாக இருக்கும். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தார்.

"சார், இது சுஜி வூடுங்களா?"

"ஆமா."

"நான் நாவலூர் கேன்டீன்லேர்ந்து சூப்பர்வைசர் லோகநாதன் பேசறேன் சார். இப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. ரொம்பக் கஷ்டமாப் போச்சு சார். எப்ப எடுக்கறாங்க?"

"எதை?"

மறுமுனையில் பாத்திரங்கள் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல் இன்னும் தணிந்து வந்தது. "சுஜியோட அப்பாவை சார். தவறிட்டாராமே. காலைல வந்ததும் அதுதான் சொல்லுச்சு. எங்க அப்பா செத்துட்டாருண்ணா, அடக்கம் பண்ணணும்னுச்சு. வூட்டுக்குப் போம்மான்னா போவ மாட்டேங்குது. ஸ்பூன் அடுக்கணும்னு நின்னுகினு கீது. பசங்க மாலை வாங்கிகினு வரலாம்னு கேக்கறாங்க. நீங்க யாரு சார் பேசறது?"

ஏசுதாசன் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினார். "நான்... வீட்டுல இருக்கிறவன்" என்றார். அது பதிலாகுமா என்று அவருக்கே தெரியவில்லை. "இன்னிக்கு இல்லைங்க. மாலை எல்லாம் வேண்டாம். அவ பாட்டுக்கு வேலை செய்யட்டும்" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். விரல்களில் வெங்காய நெடி. கண்ணில் நீர் வந்ததற்கு அதையே காரணமாக வைத்துக்கொண்டார்.

சுஜி அவருடைய மூத்த பிள்ளை. முப்பதை நெருங்குகிறாள். பிறந்த அன்றே நர்ஸ் குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூட்டிவரப் போனாள். டவுன் சிண்ட்ரோம் என்ற சொல்லை ஏசுதாசனும் அவர் மனைவி ரத்தினபாயும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு ஆயுள் முழுக்க அந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்தினார்கள். ரத்தினபாய் போய்ச் சேர்ந்து சில வருடங்களாகிவிட்டன. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்த ஏசுதாசன் ஓய்வு பெற்றபின் மகளுக்குத் தலை பின்னவும் பழகிக்கொண்டார். கிழக்குத் தாம்பரத்தில் சின்ன வீடு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, சாயங்காலம் டிவி. இப்படியே போய்விடும் என்றுதான் நினைத்திருந்தார்.

ஈஸ்டர் கழிந்ததும் வயிற்றில் ஒரு வலி வந்தது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், கல்லீரலில் கட்டி என்றார். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தறியாதவர் ஏசுதாசன். அதை டாக்டரிடம் சொன்னார். டாக்டர் தலையாட்டினார். குடிக்காதவர்களுக்கும் வரும் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, வெளியூரில் இருக்கும் மகனை ஒருமுறை வரச்சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சேலையூருக்குப் போய் சுஜியின் சென்டரில் நின்றார். சுஜியைப் போல வளர்ந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்து, வெளியே எங்காவது சேர்த்துவிடும் இடம் அது. அங்கே பயிற்சி தரும் புஷ்பலதா மிஸ் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்தாள். "சார், நீங்க இருக்கும்போதே அவ நீங்க இல்லாம இருக்கப் பழகணும். அதுக்கு இப்பவே ஆரம்பிக்கணும்" என்றாள். சொன்னபடியே ஆரம்பித்தாள். நாவலூரில் புதிதாக எழும்பியிருந்த கண்ணாடிக் கட்டடமொன்றின் கேன்டீனில் சுஜிக்கு வேலை கிடைத்தது. பஸ்ஸுக்குப் பயந்தவளை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, தனியாகப் போய்வரச் செய்தார்கள். எது வரவில்லையோ அதைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். மிஸ் அதற்கு பிராக்டிஸ் என்று பேர் வைத்திருந்தாள். முதல் சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை, கழுத்தில் கேன்டீன் அடையாள அட்டையோடுதான் சுஜி சர்ச்சுக்கு வந்தாள். ஆயர் நற்கருணை கொடுக்கும்போதுகூட அதைக் கழற்றவில்லை.

அடுத்தது மாடம்பாக்கம் வீடு. சென்டர்காரர்கள் வாடகைக்கு எடுத்து, சுஜியைப் போன்ற பெண்கள் சிலரைச் சேர்ந்து வாழ வைத்திருந்த வீடு. சமைத்துப்போட்டுக் கூடவே தங்க அங்காளம்மா என்றொரு அம்மாள். முதலில் கொஞ்ச நாள் தங்கட்டும், பிடித்துப்போனால் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாகி, திங்கட்கிழமை சுஜியைக் கொண்டுபோய் விட்டுவந்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது மிஸ் போட்ட கண்டிஷன். இன்றைக்குப் புதன்தான். நோயைப் பற்றி அவர் மகளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து மாடம்பாக்கத்தில் போய் இறங்கினார். கேட்டைத் திறந்ததும் அங்காளம்மா இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். கூடை சுமந்து மீன் விற்ற குரல்.

"இன்னா சார், வெள்ளிக்கெழமதானே வரணும்? நீ வந்துகினே இருந்தா அது எப்டி பழகும்?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "கேன்டீன்லேர்ந்து போன் வந்துச்சா? எனக்கும் மிஸ் பேசிச்சு. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. இங்க வந்ததுலேர்ந்து சோத்துல உக்காந்தா அதே பேச்சு. எங்கப்பா செத்துட்டாருங்குது. மத்த பொண்ணுங்கள்லாம் அழுவுதுங்க. இது அழுவல. அதுங்களத் தட்டிக் குடுத்துட்டு சாப்புடுது. எனக்கு ஒரே பேஜாராப் போச்சு சார். அதட்டிப் பாத்தேன். கேக்கல."

அவள் கொடுத்த டீயைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது சுஜி வந்தாள். தோளில் பை, கழுத்தில் அட்டை, வியர்வையில் ஒட்டிய முடி. அப்பாவைப் பார்த்ததும் நின்று, "வெள்ளிக்கிழமைதானேப்பா?" என்றாள். அங்காளம்மா உள்ளே போய்விட்டாள். அவர்கள் இருவரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். கொடியில் பெண்களின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர்த் தொட்டி நிழலில் சுஜி அவருக்கு இடம் காட்டினாள். படியேறிய மூச்சு அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"லோகு அண்ணன் போன் பண்ணாரா?" என்று அவளே கேட்டாள்.

"பண்ணாரு."

"நீங்கதான் எடுத்தீங்களா?"

"நான்தான் எடுத்தேன்."

சுஜி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிப்பு பீறிட்டது. "செத்துப்போனவங்க போன் எடுக்கக் கூடாதுப்பா" என்றாள். ஏசுதாசனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது விலாவில் இழுத்துப் பிடித்தது. ஒரு கையை அங்கே அழுத்திக்கொண்டார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"பிராக்டிஸ்" என்றாள் சுஜி.

அவசரப்படுத்தினால் அவளுக்கு வார்த்தைகள் கலைந்துபோகும் என்று அவருக்குத் தெரியும். சுஜி அட்டையின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நீங்க ஆரோன்கிட்ட போன்ல பேசினீங்க. நான் தண்ணி குடிக்க வந்தேன். நான் போனப்புறம் அவளை அலையவிடாதேன்னு சொன்னீங்க. எங்க போறீங்கன்னு பாத்தேன். ஊருக்குப் போனா பை எடுப்பீங்க. பை எடுக்கல. அப்புறம் ஆஸ்பத்திரி, மாத்திரை, சோறு சாப்பிடல. அம்மாவும் அப்படித்தான் சாப்பிடல." நாடாவை விட்டுவிட்டாள். "புஷ்பா மிஸ் சொன்னாங்க, பயமா இருக்கறதைத் திரும்பத் திரும்ப செஞ்சா பயம் போயிடும். பஸ் பயம் போச்சு. அதான்."

"போச்சா?"

"சொல்லும்போது போயிடுது. படுத்தா வந்துடுது."

கீழே தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். ஏசுதாசன் மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரல்கள் குட்டையான, பாத்திரத் தண்ணீரில் ஊறி வெளுத்த கை. அவளுக்கு எதுவும் தெரியக்கூடாதென்று இத்தனை நாள் தான் ஒளித்துவைத்ததை இந்தப் பிள்ளை தனியாகச் சுமந்துகொண்டு பஸ் ஏறியிருக்கிறாள், ஸ்பூன் அடுக்கியிருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு வலி வேறு எங்கோ இடம் மாறிப் போனதுபோல இருந்தது.

"அம்மா செத்தப்போ என்னை பக்கத்து வீட்டு தபீதாள் ஆன்ட்டிகிட்ட விட்டீங்க" என்றாள் சுஜி. "டிவி போட்டாங்க. வெளிய பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. நான் பாக்கணும்னு சொன்னேன். கதவு பூட்டியிருந்துச்சு. அப்புறம் நம்ம வீட்டுக்கு வந்தேன். கட்டில்ல பெட்ஷீட் புதுசு. அம்மா இல்ல."

"நீ பயந்துடுவேன்னு..."

"பயந்துதான்ப்பா போனேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நேற்று என்ன குழம்பு என்று கேட்டால் சொல்வாளே, அப்படிச் சொன்னாள். "இந்தத் தடவை என்னை அங்க அனுப்பாதீங்க. நான் உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன். சத்தம் போட மாட்டேன்."

"சத்தம் போட்டாலும் பரவாயில்லைம்மா" என்றார் ஏசுதாசன்.

"எப்போப்பா?"

"தெரியலம்மா. டாக்டருக்கே சரியாத் தெரியல."

"நாளைக்கு இல்லல்ல?"

"நாளைக்கு இல்லை."

"நாளைக்குக் கேன்டீன்ல பூரி" என்றாள் சுஜி. "நீங்க வாங்கப்பா. இல்லாட்டி லோகு அண்ணன் நான் பொய் சொல்லிட்டேன்னு திட்டுவாரு."

வீட்டுக்குத் திரும்பியதும் அவரே ஆரோனைக் கூப்பிட்டார். எப்போதும் மகன் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் மட்டும் சொல்பவர் அன்றைக்கு அவனைப் பேசவே விடவில்லை. "எனக்கு எது ஆனாலும் முதல்ல அவளுக்குச் சொல்லணும். உனக்கு முன்னாடியே அவளுக்கு. அவ கேக்கற இடத்துல அவளை உட்கார வைக்கணும். யாராவது உள்ள கூட்டிட்டுப் போகச் சொன்னா விடக்கூடாது." "அவ தாங்குவாளாப்பா?" என்று கேட்டான் ஆரோன். "நீ தாங்குவியா?" என்று கேட்டார் ஏசுதாசன். ஃபோனில் மகன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மறுநாள் காலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். காலர் கழுத்தில் நிற்காமல் தொங்கியது. நாவலூரில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்து வாசலில் செக்யூரிட்டி அவரைத் தடவிப் பார்த்துவிட்டு சட்டைப்பையில் விசிட்டர் அட்டையைச் செருகினான். கீழ்த்தளத்தில் ஒரே ஆரவாரமாகக் கேன்டீன். எண்ணெய்ப் புகை, தட்டுகளின் ஓசை, அட்டை மாட்டிய இளவட்டங்களின் வரிசை. லோகநாதன் ஓடிவந்தான். எண்ணெய் மினுங்கும் முகத்தோடு இரண்டு கைகளையும் கூப்பினான்.

"சார், மன்னிச்சுக்கங்க சார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. போன்ல நீங்கதான்னு தெரியாம..."

"நீங்க கேட்டது ஒண்ணும் தப்பில்லை தம்பி" என்றார் ஏசுதாசன். "கொஞ்சம் முன்னாடியே கேட்டுட்டீங்க, அவ்வளவுதான்." லோகநாதன் சிரிக்கப் பார்த்தான். அவருடைய கண்களின் மஞ்சளைக் கவனித்ததும் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ஓரத்து மேசைக்குக் கூட்டிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

சுஜி தட்டோடு வந்தாள். தலையில் வலைத் தொப்பி, இடுப்பில் பச்சை ஏப்ரன். வழியில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும், "எங்க அப்பா. சாகல" என்று தட்டை உயர்த்திக் காட்டிவிட்டு வந்தாள். யாரோ கைதட்டினார்கள். ஆனால் மேசைக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. தட்டை வைத்து, ஸ்பூனை வலது பக்கம் நேராக வைத்து, "சாப்பிடுங்க சார்" என்றாள். வேலை நேரத்தில் எல்லோரும் சார்தான்.

அவர் ஒரு பூரியைப் பிய்த்தார். எண்ணெய் வாசனை நெஞ்சை அடைத்தது. அவள் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினார். இன்னொரு வாய் விழுங்கினார். அதற்குமேல் முடியவில்லை. பெருமையும் குமட்டலும் ஒன்றாக ஏறிவந்தன. தண்ணீரைக் குடித்துக் குடித்து அடக்கிக்கொண்டார். வரிசை நீண்டுகொண்டே போனது. தட்டுகளோடு பிள்ளைகள் இடம் தேடி நின்றார்கள்.

சுஜி திரும்ப வந்தாள். "முடிஞ்சுதா சார்?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "முடிஞ்சுதும்மா."

வீட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் சண்டை போடுகிறவள், பிய்த்தபடி கிடந்த பூரியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஈரத்துணியோடு வந்தாள். அவர் எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பையன் ஆவி பறக்கும் தட்டோடு காத்திருந்தான். சுஜி மேசையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை துடைத்தாள். அவர் கை வைத்திருந்த இடத்தை இன்னொருமுறை துடைத்தாள். பையன் தட்டை வைக்கப் போனபோது உள்ளங்கையை நீட்டித் தடுத்தாள்.

"ஒரு நிமிஷம் சார். ஈரம்" என்று சொல்லிவிட்டு, குனிந்து, கன்னங்கள் உப்ப, அந்த மேசையின் மீது மெதுவாக ஊத ஆரம்பித்தாள். ஏசுதாசன் நாற்காலியின் முதுகைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.