ஆலங்கட்டிக்கு இரண்டு காவல்காரர்கள்

ஆலங்கட்டி மழையைத் தடுக்க எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் என் கணவரின் அண்ணன் லோய்ஸ். எங்கள் மலையூர் மிட்டர்பாக்கில் மாதா கோயிலின் கோயில்பிள்ளை. மேற்கு மலைமுகட்டில் மேகம் கறுத்தால் கோபுரத்தடிக்குப் போய், இடிமழைக்குக் காவலரான புனித தொனாத்துவின் மணியைக் கயிறு பிடித்து அடிப்பார். மற்றவன் என் தம்பி ரூப்பர்ட். பழ விவசாயிகள் சங்கத்தின் குட்டி விமானத்தை ஓட்டுகிறான். அதே மேகம் கறுத்தால் அதன் அடிவயிற்றுக்குக் கீழே போய், இறக்கையில் மாட்டிய அடுப்புகளைப் பற்றவைத்து வெள்ளி அயோடைடு புகை விடுவான். புகை மேலே ஏறினால் கட்டிகள் பெரிதாக வளராது, பொடியாகவே நின்று வழியிலேயே கரைந்துவிடும் என்பது அவன் கணக்கு. மணிச்சத்தம் மேலே ஏறினால் கேட்க வேண்டியவர் கேட்பார் என்பது இவர் கணக்கு.

நடுவில் நான். ஆப்பிள் என்னுடையது.

இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் வேறு வேலை கிடையாது. மதுக்கடைத் தோட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, பூசணி விதை எண்ணெய் ஊற்றிய மாட்டிறைச்சியும் ஆப்பிள் மதுவுமாக ஆரம்பிப்பார்கள். அந்த மணி கோபுரத்துப் புறாக்களைத் தவிர வேறு யாரையும் விரட்டியதில்லை என்பான் தம்பி. உன் புகை வானத்துக்குச் சளி பிடிக்கத்தான் உதவும் என்பார் இவர். நீங்கள் மணியடித்த அன்றைக்கே பக்கத்து ஊர் விளைச்சல் அழிந்ததே என்று அவன் கேட்டால், அன்றைக்கு நீயும்தானே பறந்தாய் என்று இவர் திருப்பிக் கேட்பார். இந்த இடத்தில் இருவரும் இன்னொரு கோப்பை மது வரவழைப்பார்கள். பிறகு முதலிலிருந்து தொடங்குவார்கள்.

எங்கள் பங்குச் சாமியார் எமேக்கா நைஜீரியாக்காரர். சண்டைக்குள் தலையைக் கொடுக்காத புத்திசாலி. மே மாதம் தொடங்கி அறுவடை வரை ஒவ்வொரு பூசை முடிவிலும் வானிலை ஆசீர்வாதம் கொடுப்பார். கொடுத்துவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார். கொஞ்சம் மப்பாக இருந்தாலும் தன் காரை நகர்த்தித் தீயணைப்பு நிலையத்தின் கூரைக்குக் கீழே விடுவார். என்னிடம் ஒரு தரம் மாட்டிக்கொண்டபோது, ஆசீர்வாதம் பயிருக்கு மட்டும்தான், காருக்குத் தனி ஜெபம் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

நான் யார் பக்கம் என்று ஊரில் கேட்பார்கள். யார் பக்கமும் இல்லை. என் கணவர் கிரேகோர் உயிரோடு இருந்தபோது மணியும் அடித்தது, விமானமும் பறந்தது, ஆலங்கட்டியும் விழுந்தது. அவர் போன பிறகு கிழட்டு மரங்களைப் பிடுங்கிவிட்டு மேற்குச் சரிவு முழுக்கப் புதுக் கன்று நட்டேன். காய்க்கத் தொடங்கிய முதல் வருஷம் பூவைப் பனி கருக்கியது. மறு வருஷம் ஆலங்கட்டி. தழும்பு விழுந்த ஆப்பிளை யாரும் கையால் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். சாறு பிழிகிறவன் வந்து மண்ணைப்போல அள்ளிக்கொண்டு போவான். அன்றைக்கே என் மகளிடம் சொல்லிவிட்டேன்: இன்னொரு வருஷம் பார்ப்பேன், அதுவும் போனால் சரிவை விற்றுவிட்டு நீ சொல்கிறபடி கிராட்ஸ் நகரத்துக்கு வந்து உன் வீட்டு மாடியில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்ப்பேன். சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்கும் தெரியும். மரங்களுக்கு மேல் ஆலங்கட்டி வலை கட்டக்கூடாதா என்று கேட்கிறவர்களுக்கு: கம்பம் நட்டாயிற்று. இந்த அறுவடைப் பணம் கைக்கு வந்தால்தான் வலை.

இந்த வருஷம் காய்த்ததைப்போல நான் பார்த்ததே இல்லை. ஆகஸ்டில் கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. காலையில் காப்பிக் கோப்பையோடு வரிசைகளுக்குள் நடந்தால் வீட்டுக்குத் திரும்பவே மனம் வராது. சந்தோஷமாக இருந்தேன். அதை வெளியே சொல்லப் பயமாகவும் இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் புழுக்கம் தாங்கவில்லை. மாடுகள் எல்லாம் வேலியோரம் ஒதுங்கி நின்றன. மேற்கே முகட்டுக்கு மேல் மேகம் எழும்பியது. முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு, பிறகு அந்தப் பாழாய்ப்போன பச்சை கலந்த மஞ்சள். அந்த நிறத்தை இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் ஜன்னலில், இடிமழைக்கென்று கோயிலில் மந்திரித்துத் தரும் கறுப்பு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டுக் கைப்பேசியில் ராடார் படத்தைத் திறந்தேன். எதையும் நம்பாதவள் இதையெல்லாம் செய்வாளா என்று கேலி செய்ய நினைக்கிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். படத்தில் எங்கள் ஊர் மேல் ஆலங்கட்டிக்கான ஊதா நிறம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

தோட்டத்துக்கு ஓடினேன். ஓடி என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அங்கே நின்ற பிறகுதான் ஒன்று உறைத்தது. மணிச்சத்தம் இல்லை. விமானச் சத்தமும் இல்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. கைப்பேசியை எடுத்தேன். தம்பியைக் கூப்பிட்டேன்.

"எங்கடா இருக்க?"

"விமானக் கொட்டகைலதான்க்கா. இடது பக்க அடுப்பு பத்த மாட்டேங்குது. கழட்டிப் போட்டு உக்காந்திருக்கேன்."

"மேல என்ன வருதுன்னு பாத்தியா இல்லையா?"

"பாத்தேன், பாத்தேன். நீ பதறாத. அதான் லோய்ஸ் அத்தான் மணி அடிக்கிறாருல்ல?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புறாவை விரட்டுகிற மணி என்று வாரம் தவறாமல் சொன்ன வாய் இது.

"அடிக்கலடா," என்றேன். "அவர் அடிக்கவே இல்ல."

அந்தப் பக்கம் ஏதோ இரும்புச் சாமான் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. நான் கோயிலைப் பார்த்துச் சரிவில் ஓடினேன்.

லோய்ஸ் கோபுரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால்சட்டையைச் சுருட்டிவிட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இடமெல்லாம் கற்பூர வாசனை. கயிறு அவர் தலைக்குப் பக்கத்தில் சும்மா தொங்கியது. கோயிலின் மற்ற மணிகளெல்லாம் சுவிட்சைத் தட்டினால் அடிக்கும். இந்த ஒன்றுக்கு மோட்டார் வைக்க அவர் விடவில்லை. கரண்டுக்கு ஜெபம் தெரியாது என்பது அவர் வாதம்.

மணி என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன அவசரம் இப்ப? ரூப்பர்ட்தான் மேல போயிட்டானே."

"யார் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? இந்த மாதிரி மேகத்துக்கு அவன் போகாம இருப்பானா? காத்து எதிர்ப்பக்கம் அடிக்குது, சத்தம் கேக்கல, அவ்ளோதான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முட்டி ரொம்ப நோவுது புர்கி. போன வருஷத்துலேர்ந்தே, அவன் மேல ஏறிட்டான்னு தெரிஞ்சா நான் ஊருக்குக் கேக்கட்டும்னு பேருக்கு ரெண்டு இழுப்பு இழுக்கிறதோட சரி. அவன்ட்ட மட்டும் சொல்லிடாத."

"அவன் போகல அத்தான். அடுப்பக் கழட்டிப் போட்டுட்டு, நீங்க மணி அடிக்கிறீங்கன்னு நம்பிக் கொட்டகையில உக்காந்திருக்கான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சுருட்டிய கால்சட்டையோடு எழுந்து கயிற்றைப் பிடித்தார். அதற்குள் முதல் துளி விழுந்துவிட்டது. மேகம் தலைக்கு மேல் வந்த பிறகு மணி அடித்துப் பயனில்லை, முகட்டைத் தாண்டுவதற்கு முன்பே அடிக்க வேண்டும். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அது. கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். இழுக்கவில்லை.

இருவரும் வாசலில் நின்றோம். எதிரே தீயணைப்பு நிலையத்தின் தகரக் கூரை. அதில்தான் முதல் கட்டி கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். மகளின் மாடி வீட்டு ஜன்னல் கண்ணுக்குள் வந்தது. யாரிடமும் எதையும் கேட்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. அது பொய். 'தயவுசெய்து' என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் என்று சொல்லவில்லை.

மழை கொட்டியது. வெறும் மழை. தகரக் கூரை முழுக்கத் தண்ணீர்ச் சத்தம். பெய்து, ஓய்ந்து, வெயிலே வந்துவிட்டது. ஒரு கட்டிகூட விழவில்லை.

நான் லோய்ஸைக் கைத்தாங்கலாகத் தோட்டத்துக்கு அழைத்துப் போனபோது தம்பியின் ஜீப் சேறு தெறிக்க வந்து நின்றது. மூவரும் வரிசைகளுக்குள் நடந்து ஆப்பிள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. கழுவிவைத்த மாதிரி மின்னின. ஆண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கிளைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அதற்குள் என் கைப்பேசி விடாமல் அலறத் தொடங்கியது. ஊர்க் குழுவில் ஆளாளுக்கு ரூப்பர்ட்டுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். லோய்ஸுக்கும் பூங்கொத்துப் படங்கள். அடுத்த தோட்டத்து எகோன் மட்டும் விரிவாக எழுதியிருந்தார். மணிச்சத்தத்தைத் தன் இரண்டு காதாலும் கேட்டாராம், இவ்வளவு கணீரென்று என்றைக்கும் கேட்டதில்லையாம். நான் அதைச் சத்தமாகப் படித்தேன்.

முதலில் லோய்ஸ்தான் சிரித்தார். பிறகு தம்பி. பிறகு எனக்கு வயிறு வலிக்கும்வரை. முட்டிவலியையும் பேருக்கு இழுக்கிற இழுப்பையும் அவரே அவனிடம் சொன்னார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, வலது பக்க அடுப்பை மட்டும் வைத்துக்கொண்டே போயிருக்கலாம், மணி இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டான். சிரிப்பு ஓய்ந்ததும் லோய்ஸ், அப்படியானால் இன்றைக்குக் காப்பாற்றியது யார் என்று கேட்டார்.

"ஒரு தடவைய வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது அத்தான்," என்றான் தம்பி. அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கவனித்தேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. "ஆனா இன்னும் கொஞ்சம் மேகத்துக்கு இதே மாதிரி நாம ரெண்டு பேரும் கையக் கட்டிட்டு உக்காந்து பாத்தா, நாம பண்றதுக்கு அர்த்தம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும்."

லோய்ஸ் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கம்பத்தில் சாய்ந்து யோசித்தார்.

"தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதான் மாப்ள. எத்தன வருஷமா அடிக்கிறேன். கேக்குதான்னு ஒரு தடவகூட மேல கேட்டுப் பாத்ததில்ல."

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். எந்த ஞாயிற்றுக்கிழமையும் எதிலும் ஒத்துப்போகாதவர்கள், என் ஆப்பிள் மரத்தடியில் நின்று, என் ஆப்பிளை வைத்து ஒத்துப்போனார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

அப்போதுதான் மேற்கே மறுபடி இடித்தது. முகட்டுக்குப் பின்னால் இன்னொரு மேகம். இதிலும் அந்த மஞ்சள். தம்பி அதைப் பார்த்தான், லோய்ஸைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, இதையே முதல் மேகமாக வைத்துக்கொள்ளலாமா என்று தொடங்கினான்.

"அத்தான், மரியாதையா மணிகிட்ட போங்க," என்றேன். "இல்லன்னா உங்க இன்னொரு முட்டிய நானே ஒடச்சிடுவேன். டேய், வலது பக்க அடுப்பு எரியுதுல்ல?"

"எரியுது."

"அது போதும். கெளம்பு."

"நீதான் எதையும் நம்ப மாட்டியேக்கா."

"நம்பலடா. போய்ப் பற."

அவன் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனான். நான் லோய்ஸை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓட்டினேன். அவரால் தனியாக இழுக்க முடியாது என்று அந்த முழங்காலைப் பார்த்தாலே தெரிந்தது. அதனால் நானும் கயிற்றைப் பிடித்தேன். மேகம் முகட்டைத் தாண்டுவதற்கு முன்பே மணி முழங்கியது. உள்ளங்கை எரிந்தது. அவர் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே இழுத்தார். நான் தம்பியைத் திட்டிக்கொண்டே இழுத்தேன், இன்னும் ஏன் கிளம்பவில்லை என்று. பிறகு மணிக்கும் மேலே அந்த இயந்திரத்தின் சத்தம் கேட்டது. என்னையறியாமல் கயிற்றை இன்னும் வேகமாக இழுத்தேன்.

அந்த மேகமும் தண்ணீராகத்தான் பெய்தது. நனைந்துகொண்டே தோட்டத்துக்கு ஓடி வரிசை வரிசையாகப் பார்த்தேன். ஆப்பிள்கள் அப்படியே இருந்தன. மணியாலா, புகையாலா, தானாகவா என்று இந்த முறை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.