சனிக்கிழமைப் பொட்டலம்

சீஸ் கவுண்டரில் நிற்கும் பெண் வெள்ளைத் தாளில் சுற்றிய அந்தச் சின்னப் பொட்டலத்தை என்னிடம் நீட்டியபோது, தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கம் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் பட்டியல். அதில் வெண்ணெய் வரைக்கும் பேனாவால் அடித்திருந்தார்.

"என்னக்கா, ஏழு வாரமா ஆளையே காணோம்? உங்க துண்ட வாராவாரம் எடுத்து வச்சு, கடைசில நானே தின்னுக்கிட்டு இருந்தேன்," என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் அவரைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உடனே குனிந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கத்தியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். ஆள் மாறிவிட்டது என்று சமாளித்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் என்கூட வேலை செய்கிறவளுக்கு வாங்கியது என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டிருக்கலாம். எக்ஸ்ரே அறையில் இருபத்து மூன்று வருடமாக வேலை பார்ப்பவள் நான். படத்தில் எதைப் பார்த்தாலும் முகம் மாறாமல், "டாக்டர் சொல்லுவார், நீங்க சட்டையப் போட்டுக்கங்க" என்று சொல்லிப் பழகியவள். ஆனால் அன்று பொய் சொல்லத் தோன்றவில்லை. பொட்டலத்தை வண்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் அதையும் பார்த்தார். பட்டியலில் அடுத்த வரிக்குப் போனார்.

பத்தொன்பது வருடங்களாகச் சனிக்கிழமை காலையில் நான் தனியாகத்தான் கடைக்குப் போய்வந்தேன். கடை திறக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்விடுவேன். தரை அப்போதுதான் துடைத்து ஈரமாக இருக்கும். எனக்கென்று ஒரு சுற்று உண்டு. முதலில் சோப்பு, துணிப்பவுடர் என்று வாசனை அடிக்கும் சாமான்களை வண்டியின் ஒரு மூலையில் தள்ளிவிடுவேன். முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையையும் விரல் நுனியால் லேசாகத் திருப்பிப் பார்ப்பேன். திரும்பாத முட்டை அடியில் உடைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரொட்டியைப் பின்வரிசையிலிருந்து உருவுவேன். வாழைப்பழத்தில் இரண்டு பழுத்தது, இரண்டு செங்காய், மூன்று பச்சை என்று பிய்த்துச் சேர்த்தால்தான் வாரம் முழுக்கத் தாங்கும். வண்டியில் விழுகிற ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆள் இருந்தது. கெட்டித் தயிர் அவருக்கு. ஓரம் கருகாத பிஸ்கட் மகளுக்கு. அவள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகும் மூன்று மாதம் அந்தப் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். கை அதுவாகவே போனது.

எல்லாம் முடிந்த பிறகு எனக்கு ஒன்று. ஒன்றே ஒன்று. சில வாரம் உலர்ந்த அத்திப்பழம் நாலைந்து, சில வாரம் கசப்புச் சாக்லேட். பெரும்பாலும் அந்தச் சீஸ்தான். முற்றிப்போன பெரிய கட்டியின் தோலோரத் துண்டு. பார்க்க அழகாக இருக்காது, அதனால் யாரும் கேட்க மாட்டார்கள். பல்லில் வைத்தால் உப்புக்கல் போல நறநறக்கும், பிறகு நாக்கின் ஓரத்தில் மெதுவாக இனிக்கும். சாமான்களைக் காரின் பின்னால் அடுக்கிவிட்டு, முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரேடியோ போடாமல் அதைச் சாப்பிடுவேன். கால் மணி நேரம். பிறகு தாளை மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவேன்.

வீட்டில் எனக்கு வேறு பெயர். கேக்கின் கடைசித் துண்டு தட்டில் இருந்தால், "எனக்கு வேண்டாம், இனிப்பு அவ்வளவா பிடிக்காது" என்பேன். முதல் தடவை எதற்காகச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. மகள் சின்னவள், அவள் கண் அந்தத் துண்டின் மேல் இருந்திருக்கும். சொல்லிச் சொல்லி அதுவே நானாகிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தால் என் கணவர் பெருமையாக, "இவளுக்கு நாக்கே கிடையாது, எதக் குடுத்தாலும் சரி, குடுக்கலேன்னாலும் சரி" என்பார். அந்தப் பெருமையை நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்த வருடம் அவர் வேலை பார்த்த கம்பெனி கிடங்கை வேறிடத்துக்கு மாற்றியது. முப்பது வருடம் அந்தக் கிடங்கின் மேற்பார்வையாளர். எந்த அடுக்கில், எந்தப் பெட்டிக்குப் பின்னால், என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், மூன்றாவது நாளே சமையலறை அலமாரிகளுக்கு எண் போட்டுவிட்டார். அந்தச் சனிக்கிழமை நான் செருப்பு மாட்டும்போது அவரும் மாட்டினார். இத்தனை வருடம் நீ ஒற்றையாகத் தூக்கினாய், இனிமேல் நான் தூக்குகிறேன் என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? அவ்வளவு ஆசையாகச் சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து கடையின் வரிசைப்படி பட்டியல் எழுத ஆரம்பித்தார். போன வழியே திரும்பி வர வேண்டியதில்லை. என் ஒன்றரை மணி நேரச் சுற்று இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்தது. காரில் ஏறும்போதெல்லாம் கைக்கடிகாரத்தை எனக்குக் காட்டுவார். நான் சிரிப்பேன். சீஸ் கவுண்டர் அவருடைய வழியில் வரவில்லை.

ஒரு வாரம் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் கடையில் சாக்லேட் வாங்கி, எக்ஸ்ரே அறையில் ஈய அங்கிகள் தொங்குகிற மூலையில் நின்றபடியே தின்று பார்த்தேன். வெளியே முழங்கால் வலிக்காரர் ஒருவர் காத்திருந்தார். நான்கு வாயில் முடிந்தது. கையில் தடவியிருந்த மருந்து வாசனைதான் தொண்டை வரைக்கும் போனது. காருக்குள் சாப்பிட்ட அத்தனை வருடமும் அது எனக்குத் திருட்டாகத் தெரிந்ததே இல்லை. அந்த மூலையில் அப்படித் தெரிந்தது. அதை மறுபடி செய்யவில்லை.

ஏழு வாரம் கழித்து, வெண்ணெயை வேறு அடுக்குக்கு மாற்றிவிட்டார்கள் என்பதால்தான் அவருடைய பட்டியல் எங்களை அந்தக் கவுண்டருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

அன்று காரில் சாமான்களை வழக்கம்போல அடுக்கினார். கனமானது கீழே, நசுங்குவது மேலே. உட்கார்ந்து சாவியைப் போட்டார். திருப்பவில்லை.

"எத்தன வருஷமா?" என்றார்.

சொன்னேன். எதை வாங்குவேன், எங்கே சாப்பிடுவேன், தாளை எங்கே போடுவேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஓர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டுவது போல நிதானமாகத்தான் சொல்ல முடிந்தது. முடித்த பிறகு, அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்களுக்கு ஒரு துண்டு கொண்டு வரணும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"இல்லங்க. தோணல. வாரம் பூரா உங்களுக்கு என்ன, அவளுக்கு என்னன்னு தோணிக்கிட்டேதான் இருக்கும். அந்தக் கால் மணி நேரம் மட்டும் தோணாது. அதுக்காகத்தான் அங்க உக்காந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நானும் என்னிடம் அதைத் தேடிப் பார்த்தேன், இல்லை. பைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அவர் கண்ணாடிக்கு வெளியே, ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்ற தள்ளுவண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு நீட்டவில்லை. நீட்டியிருந்தால் வாங்கியிருப்பார், இருவரும் சிரித்து அத்தோடு முடிந்திருக்கும். அடுத்த வாரத்திலிருந்து பட்டியலில் சீஸும் ஒரு வரியாகியிருக்கும். மெதுவாக, முழுவதையும் சாப்பிட்டேன். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தும் நன்றாகவே இருந்தது.

அந்த வாரம் அவர் என்னோடு சண்டை போடவில்லை. என்னை விருந்தாளியாக நடத்தினார். "இது உனக்குப் பிடிக்குமா? இல்ல, எங்களுக்காகச் சாப்பிடுறியா?" என்று ஒவ்வொரு வேளையும் மரியாதையாகக் கேட்டார். நானும் ஒவ்வொரு வேளையும் உண்மையைச் சொன்னேன். முப்பது வருடமாக நான் செய்கிற பீன்ஸ் பொரியல் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது என்று புதன்கிழமை தெரிந்துகொண்டார். வியாழக்கிழமை கேட்பதை நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை மகள் கூப்பிட்டாள். அப்பா சொல்லியிருக்கிறார். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். காருக்குள்ள உக்காந்தா, நீங்களா, என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. அங்கே அவள் வீட்டில் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. அதையும் மூடினாள்.

"கேக் பிடிக்காதுன்னு சொன்னது பொய்தானேம்மா?"

"ஆமா."

"நான் உங்களப் பாத்துட்டு இங்க இவர்கிட்ட அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். கல்யாணமாகி ரெண்டு வருஷமா கடைசித் துண்டு எனக்கு வேண்டாம்."

காரில் என் கணவரிடம் சொன்னபோது வராத குற்ற உணர்ச்சி இப்போது வந்தது. அதை மறைக்கவும் இல்லை. நீ காருக்குள்ளே எல்லாம் போய் உட்காராதே, மேஜையிலேயே எடுத்துச் சாப்பிடு என்று சொன்னேன். பார்க்கலாம் என்றாள். அவளுக்குப் பிடித்த பழம் எது என்று கேட்டேன். அவள் சொன்ன பழத்தை நான் ஒரு நாளும் வாங்கிக் கொடுத்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை. நான் பைகளை எடுத்தபோது அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். செருப்பு மாட்டவில்லை. பட்டியலும் எழுதவில்லை. நீ போய்விட்டு வா என்றார், கோபம் இல்லாமல். முப்பது வருடம் ஓர் இடத்தில் அத்தனையும் தெரிந்திருந்துவிட்டு, இப்போது எங்கே நிற்பது என்று தெரியாத ஆளாக உட்கார்ந்திருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. என் சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

"கெளம்புங்க," என்றேன். "கனமானதெல்லாம் நீங்கதான் தூக்கணும். ஆனா கடைக்குள்ள போனதும் நான் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். கடைசில உங்களுக்குன்னு ஒன்னு எடுங்க. என்கிட்டக் காட்ட வேண்டாம்."

"எனக்கு என்ன வேணும்? எனக்கு ஒன்னும் வேண்டாம்."

"அத என்கிட்டயே சொல்றீங்களா?" என்றேன். அவர் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு ஏதோ அசைந்தது. எழுந்து செருப்பைத் தேடினார்.

கடை வாசலில் நான் தள்ளுவண்டியை எடுத்தேன். அவர் கையில் ஒரு கம்பிக்கூடையைக் கொடுத்தேன். தரை ஈரமாக இருந்தது. என் பழைய சுற்றை முதலிலிருந்து நடந்தேன். முட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன், வாழைப்பழத்தைப் பிய்த்துச் சேர்த்தேன், அவசரமே படவில்லை. சீஸ் கவுண்டர் பெண் கேள்வியோடு பார்த்தாள். தலையசைத்தேன். கத்தியை எடுத்தாள்.

பொட்டலத்தோடு திரும்பும்போது ஜாம் வரிசையில் அவரைப் பார்த்தேன். கூடை காலியாக இருந்தது. ஒரு பாட்டிலை எடுத்து, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து, முகப்பு வெளியே தெரியும்படி சரியாகத் திருப்பி வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதன் சின்ன எழுத்துகளைப் படித்தார். அதையும் வைத்தார். அது புளிக்கும், உங்களுக்கு ஆகாது, இரண்டாவது தட்டில் ஆரஞ்சு இருக்கிறது பாருங்கள் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அவர் தலையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். என்னைத்தான் தேடினார்.

நான் வண்டியைப் பின்னுக்கு இழுத்து, மாவு மூட்டைகளின் மறைவில் நின்றுகொண்டேன். வண்டியின் ஒரு சக்கரம் லேசாகக் கிறீச்சிட்டது, காலால் அதை நிறுத்தினேன். அந்தப் பக்கம் வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு கம்பிக்கூடைக்குள் கண்ணாடிப் பாட்டில் ஒன்று போய் உட்கார்ந்த ஒலி கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, இன்னொன்று.