மலைக்குளிரில் வெளிர்பச்சை

போடி கடைத்தெரு அச்சகத்தில் ஒரு பெண் டிரெடில் மெஷினை மிதிக்கிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களே, பத்து வருசத்தில், "கல்யாணப் பத்திரிகைய சந்திரவல்லிதான் அடிக்கணும்" என்று கேட்டு வாங்கும்படி ஆகிவிட்டது. அதில் அவளைவிட அவள் புருசன் பேச்சிமுத்துவுக்குத்தான் பெருமை. மலைக்கு ஜீப்பு ஓட்டுகிறவன்; ஏறுகிற ஆளிடமெல்லாம் அவள் பேச்சுத்தான்.

எழுபத்தொன்பது மார்கழியில் ஒரு எஸ்டேட் மானேசரிடமும் அப்படித்தான் அளந்துவிட்டான். அந்த எஸ்டேட்டிலேயே ஒரு சின்ன டிரெடில் உண்டு. அதுவரை கறுப்பு மையில் நோட்டீசுதான் அடித்திருக்கிறார்கள். அந்த வருசம் ஏலக்காய்ப் பெட்டிக்கு வெளிர்பச்சையில் லேபிள் கேட்டார் முதலாளி. அடித்த தாளெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தோலுரிந்து வந்தது. மை தாளையே பிய்த்தது.

மானேசர் கூப்பிட்டுவிட, மறுநாளே சந்திரவல்லி ஜீப்பில் மலையேறினாள்.

அங்கே மெஷின்காரர் கன்னையன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வெள்ளைத் துணியால் ரோலரைத் துடைத்துப் பார்த்தாள். கறுப்பு ஒட்டி வந்தது.

"அண்ணே, இன்னும் பழைய மை கெடக்கு. வெளிர் கலர் எதையும் மறைக்காது."

துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை மூன்று முறை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினாள். வெள்ளை மையில் கடுகளவு பச்சை, அதற்கும் குறைவாக மஞ்சள் சேர்த்துக் குழைத்தாள். கைப்பழக்கத்தில் ஒரு சிட்டிகை மெக்னீசியா பவுடரையும் போட்டாள். போடி வெயிலில் மை இளகி எழுத்தின் குழியை அடைத்துவிடும். பவுடர்தான் இறுக்கிப் பிடிக்கும்.

மிதித்தாள். தாள் முன்னைவிட மோசமாகப் பிய்ந்தது.

"இதத்தான் ரெண்டு நாளா நானும் செஞ்சேன்," என்றார் கன்னையன். "இதுக்குப் போடியில இருந்து ஆளு வரணுமாக்கும்."

வாசலில் நின்ற பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். கன்னையன் சொன்னதைவிட அதுதான் அவளுக்குச் சுட்டது.

குழைத்த மையிலிருந்து மைக்கத்தியைத் தூக்கிப் பார்த்தாள். போடியில் என்றால் மை நூலாய் இறங்கும். இங்கே பிசைந்த மாவுபோலத் துண்டாக அறுந்தது. பிடித்திருந்த விரல்கள் விறைத்திருந்தன. விரல்களை வாயருகே கொண்டுபோய் ஊதினாள். ஊதியவள் அப்படியே நின்றாள்.

மை டப்பாவை எடுத்துக்கொண்டு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு நடந்தாள். சூடான சுவரோரம் கொஞ்ச நேரம் வைத்திருந்து கத்தியைத் தூக்கினாள். மை நூலாய் இறங்கியது.

"குளிருதாண்ணே மையை இறுக்குது," என்றாள் திரும்பி வந்து. "வெள்ளை மைக்குப் பிசுக்கு ஜாஸ்தி. அது போதாதுன்னு பவுடரையும் போட்டு இறுக்கிட்டோம். சூடு காட்டினாலும் மெஷின்ல ஏறுனதும் மறுபடி இறுகிரும். எண்ணெய் விட்டு இளக்கித்தான் ஆகணும்."

இறுக்கிட்டோம் என்று தன்னையும் சேர்த்துச் சொன்னது கன்னையனைத் தொட்டிருக்க வேண்டும். வார்னிஷ் எண்ணெயை அவரே எடுத்துவந்தார்.

பவுடர் இல்லாமல் புதிதாகக் குழைத்து, சொட்டுச் சொட்டாக விட்டாள். நாலாவது சொட்டில், "மதி, தங்கச்சி, வழிஞ்சிரும்," என்று மலையாளம் கலந்த மலைப்பேச்சில் 'போதும்' சொல்லித் தடுத்தார் கன்னையன்.

"இன்னும் ஒண்ணுண்ணே."

ஐந்தாவது சொட்டில் கத்தியிலிருந்து மை மெல்லிய நூலாய் இறங்கியது.

மிதித்தாள். தாள் முழுசாக வந்தது. அப்போதுதான் உலர்த்தி எடுத்த ஏலக்காயின் பச்சை. ஆகச்சின்ன எழுத்தின் குழிகூட அடைபடவில்லை. கன்னையன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலத்துக்குள் ரெண்டாயிரம் லேபிள் அடித்தாயிற்று. கிளம்பும்போது அவர் கரித்துண்டோடு சுவரருகே நின்றார்.

"அளவச் சொல்லு தங்கச்சி, எழுதி வச்சுக்கிறேன்."

"அளவு நெலையா நிக்காதுண்ணே. வெயில் அடிச்சா நாலு சொட்டு, பனி எறங்குனா ஆறு. கத்தியத் தூக்கிப் பாருங்க, அதுவே சொல்லும்."

போடிமெட்டுக் கடையில் பேச்சிமுத்து ஜீப்பை நிறுத்தினான். டீ சொல்வதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்து, பெஞ்சில் இருந்தவர்களிடம் நீட்டி, "இது யாரு அடிச்சது தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டான். வேறு நாளென்றால் சந்திரவல்லி அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பாள்.

இன்றைக்கு எட்டிப் பார்த்தாள்.

"அது ஓரம் மசங்குன தாளு," என்றாள். தன் பைக்குள்ளிருந்து வேறொன்றை எடுத்து நீட்டினாள். "இதக் காட்டுங்க."