காலைக் காப்பியில் நுரை

குளித்த தண்ணீரைக் கழிவறைக்கு விடுவதில் அம்பாரோவுக்கு எந்த அருவருப்பும் இல்லை. அரிசோனா வெயிலில் பிறந்து வளர்ந்தவள். பழைய வீட்டில் அவள் துணி துவைத்த தண்ணீர் முழுக்க மாதுளைக்குத்தான் போனது. அதனால்தான் டூசான் நகருக்கு வெளியே எழும்பிய புதுக் குடியிருப்பில் ஆசைப்பட்டு வீடு வாங்கினாள். அங்கே குளியலறைத் தண்ணீர் அந்தந்த வீட்டு நிலத்தடித் தொட்டியில் வடிகட்டப்பட்டு, ஊதா நிறக் குழாயில் கழிவறைக்கு ஏறும். குடிநீர் வேறு குழாயில் வரும். இரண்டும் எந்த இடத்திலும் தொட்டுக்கொள்ளாது என்று கட்டுமான நிறுவனத்தின் டிரென்ட் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தான்.

குடியேறிய கோடையிலேயே அவள் கணவன் எலிசேயோவுக்கு வயிறு கெட்டது. மருத்துவர் மிளகாயை நிறுத்தச் சொன்னார். அவனும் நிறுத்தினான். வெறும் பீன்ஸையும் டார்ட்டியா ரொட்டியையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினான். வயிறு மட்டும் சரியாகவில்லை.

ஒருநாள் காலையில் காப்பிப் பானையில் தண்ணீர் பிடித்தபோது மேலே நுரை நின்றது. அம்பாரோ குனிந்து மோந்து பார்த்தாள்.

"கிழவா, இங்க வா. இதை மோந்து பாரு."

எலிசேயோ மோந்தான். "உன் தலைக்குப் போடுற ஷாம்பு வாசனைதான்."

"என் ஷாம்பு வாசனை காப்பிப் பானைக்குள்ள எப்படி வந்துச்சு?"

டிரென்டைத் தொலைபேசியில் பிடித்தாள். அவன் சிரித்தே விட்டான். "பாத்திரத்தை இன்னொரு தடவை அலசிப் பாருங்க, மேடம். சோப்பு ஒட்டியிருக்கும்."

"எனக்கு அலசத் தெரியாதுங்கிறியா?"

"அப்படிச் சொல்லலை. வயசானா சில பேருக்கு வாசனையெல்லாம் தப்பாத் தெரியும். சகஜம்தான்."

தொலைபேசியைப் பட்டென்று வைத்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவள் அவள். மூக்கு கெட்டுப்போன கிழவி என்று அவளை யாரும் சொன்னதில்லை.

அன்று மாலை தமாலே என்ற சோளக் கொழுக்கட்டை வேக வைக்கும் பெரிய பானையில், காய்ந்த ஹமைக்கா என்ற செம்பருத்தி இனப் பூவைக் கொட்டிக் கொதிக்க விட்டாள். ரத்தச் சிவப்பாக இறங்கிய சாற்றைக் குளியலறை வடிகாலில் ஊற்றினாள். மறுநாள் காலை, தெருவே குளிக்கும் நேரத்தில், சமையலறைக் குழாயைத் திறந்தாள். முதலில் தெளிந்த நீர்தான் வந்தது. பிறகு மெல்ல மெல்ல, சோப்பில் கலங்கி நிறம் மாறிய அழுக்கு ஊதா நீர் வரத் தொடங்கியது.

எலிசேயோ அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "இதுலதான் நாம பீன்ஸ் வேக வச்சோமா?" என்று கேட்டான். அடுத்த நொடியே மேசையில் ஓங்கி அறைந்தான். "அப்புறம் என் மிளகாய் என்னடி பாவம் பண்ணுச்சு!"

அவள் மறுபடி அழைத்ததும், மதியத்துக்குள் டிரென்ட் வேலையாட்களோடு வந்து நின்றான். இப்போது சிரிப்பு இல்லை. தொட்டியருகே ஓரிடத்தைக் கை காட்டித் தோண்டச் சொன்னான். கட்டும்போது சோதனைக்காக இரண்டு குழாய்களுக்கும் நடுவே போட்ட இணைப்பு, கழற்றப்படாமல் அப்படியே கிடந்தது. தெருவில் குடிநீரின் அழுத்தம் குறையும்போதெல்லாம், தொட்டியின் மோட்டார் குளித்த தண்ணீரைக் குடிநீர்க் குழாய்க்குள் தள்ளியிருக்கிறது.

"இன்னைக்கே எடுத்துடறோம்," என்றான் டிரென்ட். குரலைத் தாழ்த்தி, "தெருவுல யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். வீணா பயந்துடுவாங்க."

"எங்க தோண்டணும்னு கை காட்டினியே, அது உனக்கு எப்படித் தெரியும்?"

டிரென்ட் காலால் மண்ணைக் குழிக்குள் தள்ளினான்.

"வேற வீட்டுலயும் இதே இடத்துல இருக்கு, அதான் தெருவுல சொல்ல வேண்டாங்கிறே. உனக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே என் மூக்கைக் குறை சொன்னே. வெளிய போடா!"

மிச்சமிருந்த பூச்சாற்றைக் குடத்தில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பக்கத்து வீட்டு லோர்னா கதவைப் பாதிதான் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்தது.

"அம்பாரோ, அடுத்த வாரம் என் வீட்டை வாங்க ஆள் வருது. இப்போ போய் இதைக் கிளப்பாத, ப்ளீஸ்."

"வர்றவங்களுக்குக் குழந்தை இருக்கா?"

"அது எனக்கெதுக்கு?"

"பால் பொடியை இந்தத் தண்ணியிலதான் கரைப்பாங்க, லோர்னா."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. நிறுவனத்தின் மேல் வந்ததைவிட அதிகக் கோபம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டு மணியை அடித்தாள். அங்கே கைக்குழந்தைக்காரி. ஒரு பேச்சுப் பேசாமல் குடத்தை வாங்கிக் குளியலறைக்குப் போனாள். மறுநாள் காலை அவள் வீட்டுக் குழாயிலும் ஊதா வந்தது. அவள் அழுதுகொண்டே நகராட்சியை அழைத்தாள்.

ஆய்வாளர்கள் வந்து தெரு முழுக்கத் தண்ணீரை நிறுத்தினார்கள். தோண்டத் தோண்டப் பல வீடுகளில் அதே இணைப்பு கிடைத்தது. லோர்னா வீட்டிலும்தான். நிறுவனம் எல்லாவற்றையும் எடுத்தது, குழாய்களைக் கழுவியது, ஊருக்கெல்லாம் வருத்தம் தெரிவித்தது. அம்பாரோவிடம் மட்டும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வீட்டை வாங்க வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டதால் லோர்னா இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஊதாக் குழாயையும் பிடுங்கிவிடலாமா என்று வேலையாட்கள் கேட்டார்கள்.

"அது என்ன பண்ணுச்சு? கழிவறைக்குப் போற தண்ணி ஒழுங்காத்தான் போகுது. இருக்கட்டும்," என்றாள்.

எலிசேயோ மறுபடி மிளகாய் தின்கிறான், முன்னைவிட அதிகமாகவே. அம்பாரோவோ இன்றுவரை கோப்பையை மோந்து பார்க்காமல் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. ஒவ்வொரு முறை மோந்து பார்க்கும்போதும் அந்தப் பயல் டிரென்டின் சிரிப்பு காதில் விழும். கோபம் புதிதாகப் பற்றிக்கொள்ளும்.